பரந்தன் உப்புக் கணக்கு



சென்ற மாத உரைக்குப் பிறகு சில பெற்றோர் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டார்கள். வீ.சி.ஈ. இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் "தியறிற்றிக்கல் யீல்ட்", "பேர்சன்ரேஜ் யீல்ட்" என்று ஏதோ கணக்குகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிகிறார்கள், அது என்ன கணக்கு, எங்களுக்குத் தமிழில் ஒருமுறை சொல்ல முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டவர்களில் இரண்டு பேர் ஊரில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பீசமானம் என்ற பெயரில் பக்கம் பக்கமாகச் செய்தவர்கள். இங்கே பாடம் ஆங்கிலத்தில் இருப்பதால் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அது தேவையில்லாத ஒதுக்கம். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் "கெமிஸ்தம்" என்ற இரசாயன நூல் 1875 ஆம் ஆண்டிலேயே தமிழில் அச்சாகிவிட்டது. நாங்கள் இந்தப் பாடத்துக்குப் புதியவர்கள் அல்ல.

வானொலியில் குறியீடுகளைக் காட்ட முடியாது. ஆகவே உரையில் செய்தது போலவே இங்கும் பொருட்களின் பெயர்களை வைத்தே கணக்கைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நான் தெரிந்தெடுத்தது எங்களில் பலர் பஸ்ஸில் கடந்துபோன ஓர் இடம்: பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தோடு சேர்த்து மூன்று தொழிற்சாலைகளை எங்கள் ஆட்கள் நினைவுகூருவார்கள். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம். பரந்தனில் 1950 களில் உற்பத்தி தொடங்கியது. அந்த இடத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் வெளிப்படையானது. ஏ-9 வீதியில் சற்று வடக்கே போனால் ஆனையிறவு உப்பளம். உப்பை நீரில் கரைத்து அதனூடாக மின்னைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரீனும் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் வேண்டும். குளோரீன் குடிநீருக்கு வேண்டும். 1980 களின் நடுப்பகுதியில் போர்ச்சூழலால் உற்பத்தி நின்றது. நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறாமல் இருந்து, பின்னர் வெளிநாட்டுக் குளோரீனை இறக்குமதி செய்து குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு வழங்கி வந்திருக்கிறது. ஆனையிறவு உப்பளம் 1990 இல் நின்றது. 2025 இல் அங்கே சமையல் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

வெரிபீயில் இருப்பவர்களுக்கு உப்பளம் பார்க்க ஆனையிறவு வரை போகவேண்டியதில்லை. பொயின்ற் குக் பக்கத்தில் சீத்தம் ஈரநிலம் என்று பறவைகள் பார்க்கப் போகிறோமே, அந்தப் பாத்திகள் முன்பு சீத்தம் நிறுவனத்தின் உப்பளமாக இருந்தவை. கடல்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் வற்றவிட்டு, வாரி எடுப்பது இரண்டு ஊரிலும் ஒரே தொழில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆயிரம் கிலோ, அதாவது ஒரு தொன் உப்பு லொறியில் வந்து இறங்குகிறது. இதிலிருந்து எவ்வளவு எரிசோடா எடுக்கலாம்?

பலர் முதலில் சொல்லும் விடை "ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக" என்பதுதான். ஏன் அது சரியான அணுகுமுறை அல்ல என்பதற்கு வங்கியில் சில்லறை மாற்றும் வேலையை நினைத்துப் பாருங்கள். அவுஸ்திரேலிய 1 டொலர் நாணயம் 9 கிராம். 2 டொலர் நாணயம் 6.6 கிராம். வங்கியில் நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, நிறுத்துப் பார்க்கிறார்கள். 900 கிராம் 1 டொலர் நாணயம் என்றால் 100 நாணயம். 660 கிராம் 2 டொலர் நாணயம் என்றாலும் அதே 100 நாணயம்தான். எண்ணிக்கை ஒன்று, நிறை வேறு. அணுக்களும் இப்படித்தான். தாக்கம் நடக்கும்போது அணுக்கள் எண்ணிக்கையில் சேர்கின்றன, எண்ணிக்கையில் பிரிகின்றன. கிராம் என்பது நாங்கள் தராசில் பார்ப்பது. அணுவுக்கு அது தெரியாது. கிராமை எண்ணிக்கையாக மாற்றுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் பொதிதான் மூல். ஒரு மூல் என்பது 6.02 ஐ 10 இன் 23 ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணிக்கை. அந்தப் பெரிய எண்ணை யாரும் எழுதவேண்டி வருவதில்லை. "ஒரு டசின்" என்று சொல்வதுபோல "ஒரு மூல்" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஒரு மூல் எவ்வளவு நிறை என்பது அணுத்திணிவு அட்டவணையில் இருக்கிறது. பரீட்சையில் பிள்ளைகளுக்குத் தரும் தரவுப் புத்தகத்திலும் இருக்கிறது. சோடியம் 23, குளோரீன் 35.5, ஒட்சிசன் 16, ஐதரசன் 1. உப்பில் ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் இருப்பதால் ஒரு மூல் உப்பு 58.5 கிராம். எரிசோடாவில் சோடியம், ஒட்சிசன், ஐதரசன் ஒவ்வொன்று, ஆக 40 கிராம். நீர் 18 கிராம். குளோரீன் வாயுவில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருப்பதால் 71 கிராம். ஐதரசன் வாயுவிலும் இரண்டு அணுக்கள், 2 கிராம்.

இனிச் சமன்பாடு. 2 உப்பு, 2 நீர் சேர்ந்து, 2 எரிசோடா, 1 குளோரீன், 1 ஐதரசன் ஆகின்றன. இந்த 2, 2, 2, 1, 1 என்பவை மூல் கணக்கு. கிராமாக மாற்றினால் 117 கிராம் உப்பும் 36 கிராம் நீரும், மொத்தம் 153 கிராம், உள்ளே போகின்றன. 80 கிராம் எரிசோடா, 71 கிராம் குளோரீன், 2 கிராம் ஐதரசன், மொத்தம் அதே 153 கிராம், வெளியே வருகின்றன. தராசு சமமாக நிற்கவேண்டும் என்பதை லவோசியே 18 ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். பிள்ளை எழுதிய சமன்பாடு சரியா என்று பார்க்க, இரசாயனம் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய ஒரு சோதனை இது: இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். தொகை வேறுபட்டால் அடுத்த வரியைப் பார்க்கத் தேவையில்லை.

117 கிலோ உப்புக்கு 80 கிலோ எரிசோடா என்றால், 1,000 கிலோ உப்புக்கு 1,000 ஐ 80 ஆல் பெருக்கி 117 ஆல் பிரிக்க 683.8 கிலோ. இதுதான் அந்த ஒரு தொன் உப்பின் அறிமுறை விளைவு. அதனுடன் 606.8 கிலோ குளோரீனும் 17.1 கிலோ ஐதரசனும் வரும். இடையில் 307.7 கிலோ நீர் செலவாகும்.

"அறிமுறை" என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏதோ புத்தகத்தில் மட்டும் இருக்கும் எண், நடைமுறைக்கு உதவாதது என்று நினைப்பவர்கள் உண்டு. "யீல்ட்" என்பதை அகராதியில் பார்த்துவிட்டு "விளைச்சல்" என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. கிளிநொச்சியில் ஓர் ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் என்பதற்கு நல்ல மழை, நல்ல பசளை, நல்ல விதை என்று எல்லாம் சேர்ந்தால் கூடிக்கொண்டே போகலாம். 683.8 அப்படிப்பட்ட எண் அல்ல. அது கூரை. எவ்வளவு கெட்டிக்கார எந்திரி வந்தாலும், எந்த நாட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தாலும், ஒரு தொன் தூய உப்பிலிருந்து 684 கிலோ எரிசோடாவைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் செய்யச் சோடியம் இல்லை. கூரை என்று பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். கையில் கிடைத்ததைக் கூரையால் பிரித்து நூறால் பெருக்கினால் விளைவு நூற்றுவீதம்.

இங்கே ஓர் இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எரிசோடாவுக்கு வாங்குபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், குளோரீனுக்கு ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமையாளர் "குளோரீனை விடுங்கள், எரிசோடாவை மட்டும் செய்யுங்கள்" என்று கட்டளையிட முடியுமா? முடியாது. ஒவ்வொரு தொன் எரிசோடாவோடும் 887.5 கிலோ குளோரீன் வந்தே தீரும். சமன்பாடு அப்படி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது மனிதனும் அல்ல. உலகில் எந்த நாட்டில் இந்தத் தொழிற்சாலை இருந்தாலும் இந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை மட்டும் வளர்க்க முடியாது. குளோரீனை ஐதரோகுளோரிக் அமிலமாகவோ வெளிற்றும் தூளாகவோ பிளாஸ்ரிக்காகவோ மாற்றி விற்கும் வழி தேடியாகவேண்டும். உங்கள் பிள்ளை "அற்றம் இக்கொனமி" என்று இன்னொரு கணக்கையும் கொண்டுவருவார். அணுச் சிக்கனம் என்று சொல்லலாம். எரிசோடாவை மட்டும் பயனுள்ள பொருளாக எடுத்தால் 153 இல் 80, அதாவது 52.3 வீதம். குளோரீனும் விலைப்பட்டால் 153 இல் 151, அதாவது 98.7 வீதம். தாக்கம் ஒன்றே. சந்தை மாற, சிக்கனம் மாறுகிறது. புத்தகங்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்களில் போட்டுவிட்டு, வேறுபாட்டைச் சொல்லாமல் போய்விடுகின்றன. விளைவு நூற்றுவீதம், வேலை எவ்வளவு திறமாக நடந்தது என்பதைச் சொல்கிறது. அணுச் சிக்கனம், தெரிந்தெடுத்த தாக்கமே எவ்வளவு வீண் இல்லாதது என்பதைச் சொல்கிறது. முதலாவதைத் தொழிலாளர்கள் மேம்படுத்தலாம். இரண்டாவதை மேம்படுத்த வேறு தாக்கம் தேடவேண்டும், அல்லது வேறு வாடிக்கையாளர் தேடவேண்டும்.

இனி ஊர் உப்பின் உண்மை நிலை. கடல்நீரை வற்றவைத்து எடுத்த உப்பு முழுக்க உப்பல்ல. மக்னீசியமும் கல்சியமும் சேர்ந்த உப்புகள் அதில் இருக்கும், ஈரமும் இருக்கும். மாரி காலத்தில் குசினியில் உப்புச் சாடி கசிந்து நீராகி நிற்குமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மக்னீசிய உப்புத்தான். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுக்கும். வந்த உப்பில் 95 வீதம்தான் தூய உப்பு என்று வைப்போம். இது கணக்குக்காக நான் வைத்த எண். அப்போது 1,000 கிலோவில் 950 கிலோதான் கணக்கில் வரும். கூரை 683.8 அல்ல, 649.6 கிலோ. மாத முடிவில் களஞ்சியத்தில் 600 கிலோ எரிசோடா இருக்கிறது. பிழையான கூரையால் பிரித்தால் 87.7 வீதம். சரியான கூரையால் பிரித்தால் 92.4 வீதம். வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஆலையில் வேலை செய்தவர்களைப் பார்த்து "உங்கள் வேலை சரியில்லை" என்று சொல்வதா, உப்பு விற்றவரைப் பார்த்து "உங்கள் உப்பு சரியில்லை" என்று சொல்வதா என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தூய்மையைக் கூரையைக் கணிக்கும்போதே கழித்துவிட வேண்டும். பரீட்சையில் "95 வீதத் தூய்மை" என்று வினாவில் ஒரு மூலையில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் புள்ளியை விடும் பிள்ளைகள் மிகப் பலர்.

அந்த 92.4 க்கும் 100 க்கும் இடையில் உள்ளது எங்கே போனது? காணாமல் போகவில்லை. எங்கேயோ இருக்கிறது. சில உப்பு மாறாமலே கரைசலில் நிற்கும். சில எரிசோடா குழாய்களிலும் தாங்கிகளிலும் ஒட்டியிருக்கும். முக்கியமான இழப்பு இன்னொன்று. கலத்தின் ஒரு முனையில் குளோரீனும் மறுமுனையில் எரிசோடாவும் பிறக்கின்றன. இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால் அவை ஒன்றோடொன்று தாக்கமடைந்து சோடியம் ஐப்போகுளோரைற்று என்ற பொருளாகிவிடும். விளைவு பொருட்களே ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆகவே இந்தத் தொழிலின் பாதித் தொழில்நுட்பம் இரண்டையும் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. அந்த ஐப்போகுளோரைற்றுக் கரைசலைத்தான் நாங்கள் இங்கே கடையில் "பிளீச்" என்று வாங்குகிறோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாம் அலகில் பரடேயின் விதிகளைப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பந்தி. கலத்தில் உப்பு ஏராளமாக இருக்கும். குறைவாக இருப்பது மின். மைக்கல் பரடே 1830 களில் கண்டது, எவ்வளவு மின் ஏற்றம் செல்கிறதோ அதற்கு நேர் விகிதத்தில்தான் பொருள் விளையும் என்பது. 1,000 அம்பியர் ஓட்டம் ஒரு மணி நேரம் செல்கிறது என்றால் 3,600,000 கூலோம். ஒரு மூல் இலத்திரனுக்கு 96,500 கூலோம். ஆக 37.3 மூல் இலத்திரன். ஒரு மூல் இலத்திரனுக்கு ஒரு மூல் எரிசோடா, ஆகவே 1.49 கிலோ எரிசோடா. குளோரீனுக்கு இரண்டு இலத்திரன் வேண்டியிருப்பதால் பாதி மூல், அதாவது 1.32 கிலோ குளோரீன். இதற்குச் செலவாகும் உப்பு 2.18 கிலோ மட்டும். கலத்தில் பத்துக் கிலோ உப்பு இருந்தாலும் கூரையைத் தீர்மானிப்பது மின்தான். யாராவது "எங்கள் ஆலையில் விளைவு 95 வீதம்" என்று சொன்னால், "எதன் கூரைக்கு?" என்று கேட்பது நியாயமான கேள்வி. உப்பின் கூரைக்கா, மின்னின் கூரைக்கா?

இதுவே எங்களை எல்லைப்படுத்தும் தாக்கிக்குக் கொண்டுவருகிறது. பிள்ளைகள் "லிமிற்றிங் றீஏஜன்ற்" என்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் அவித்த எந்த அம்மாவுக்கும் இது தெரியும். ஒரு மோதகத்துக்கு ஒரு மா உருண்டை, ஓர் உள்ளுடன் உருண்டை. மா 40 உருண்டை வந்தது, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் குழைத்த உள்ளுடன் 52 உருண்டை வந்தது என்றால், மோதகம் 40 தான். மிஞ்சிய 12 உருண்டையைப் பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். மா தான் எல்லைப்படுத்தும் தாக்கி. யாரும் பெரிய சட்டியைப் பார்த்து மோதகத்தை எண்ணுவதில்லை.

மோதகத்தில் ஒன்றுக்கு ஒன்று. இரசாயனத்தில் அப்படி இருப்பதில்லை, அங்கேதான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். இதை நான் பிளீச்சை வைத்தே காட்டப்போகிறேன். காரணம் உண்டு. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இந்த நாட்டுக்கு வந்து முதல் பார்த்த வேலை துப்புரவு வேலை. இன்றும் பலர் அதைச் செய்கிறார்கள். போத்தலில் உள்ள எச்சரிக்கை சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

பிளீச்சுடன் ஐதரோகுளோரிக் அமிலம் உள்ள கழுவி சேர்ந்தால், முன்னர் பிரித்து வைத்த குளோரீன் திரும்பி வெளியே வரும். 1 ஐப்போகுளோரைற்று, 2 அமிலம் சேர்ந்து, 1 குளோரீன், 1 உப்பு, 1 நீர் ஆகின்றன. பரந்தனில் தொடங்கிய உப்பே கடைசியில் திரும்பி வருகிறது பாருங்கள்.

அரை லீற்றர் பிளீச் மலசலகூடத்தில் ஊற்றப்பட்டிருக்கிறது. லீற்றருக்கு 40 கிராம் ஐப்போகுளோரைற்று உள்ளது என்று வைத்தால் 20 கிராம். ஒரு மூல் 74.5 கிராம், ஆகவே 0.268 மூல். அதைக் கழுவாமல் அடுத்தவர் வந்து அமிலக் கழுவியை ஊற்றுகிறார். அதில் 0.3 மூல் அமிலம். இப்போது எது எல்லைப்படுத்துவது? "0.268 தான் சின்ன எண், ஆகவே பிளீச்" என்று எழுதுவதுதான் வழமையான பிழை. ஒரு குளோரீனுக்கு அமிலம் இரண்டு வேண்டும். 0.3 ஐ 2 ஆல் பிரித்தால் 0.15. 0.268 ஐ 1 ஆல் பிரித்தால் 0.268. சின்னது 0.15. எல்லைப்படுத்துவது அமிலம். மூலைச் சமன்பாட்டில் உள்ள எண்ணால் பிரித்த பிறகே ஒப்பிடவேண்டும். இந்த ஒரு படியைப் பழகிவிட்டால் இந்தப் பாடத்தின் பாதிப் பயம் போய்விடும்.

ஆக, கூரை 0.15 மூல் குளோரீன். 10.65 கிராம். 25 பாகை செல்சியசில் ஒரு மூல் வாயு ஏறத்தாழ 24.8 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். அப்படியானால் 3.7 லீற்றர் குளோரீன். குளியலறை 2 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரம் என்றால் அதில் உள்ள காற்று 9,600 லீற்றர். எல்லாம் வெளிவந்து பரவினால் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 385 பங்கு குளோரீன். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்புக்கான நிறுவனமான நியோஷ், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கு.

"எல்லாம் வெளிவராது, கொஞ்சம் நீரிலேயே கரைந்துவிடும், விளைவு நூறு வீதம் ஆகாதே" என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னார். சரியான பேச்சு. நான் அவரிடம் அடுத்த வரியையும் போடச் சொன்னேன். 9,600 லீற்றரில் பத்து இலட்சத்துக்கு 10 என்பது 0.096 லீற்றர். கூரையான 3.7 இல் அது 2.6 வீதம். அதாவது இந்தத் தாக்கம் மிக மோசமாக நடந்து, நூற்றில் 3 பங்கு மட்டும் வாயுவாக வந்தாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. ஆலையில் 97 வீதம் இழப்பு என்றால் ஆலையை மூடவேண்டியதுதான். குளியலறையில் அது எந்த ஆறுதலும் தராது. அறிமுறை விளைவைக் கணிப்பதற்குத் தொழிற்சாலைக்காரருக்கு ஒரு காரணம், பாதுகாப்புப் பார்ப்பவருக்கு இன்னொரு காரணம். முதலாமவர் கூரையை எட்டப் பார்க்கிறார். மற்றவர் கூரை எவ்வளவு உயரம் என்று பார்த்து, அந்தத் தாக்கத்தைத் தொடங்கவே விடாமல் பார்க்கிறார்.

நடைமுறையாக: பிளீச்சை எந்த அமிலக் கழுவியுடனும், வினாகிரியுடனும், அமோனியா உள்ள திரவத்துடனும் சேர்க்கவேண்டாம். ஒன்றைப் பாவித்தபின் நன்றாக நீர் ஊற்றிக் கழுவிவிட்டே மற்றதை எடுங்கள். மூக்கை அரிக்கும் மணம் வந்தால் போத்தலைத் தேடிக்கொண்டு நிற்காமல் வெளியே வாருங்கள். குளோரீன் காற்றைவிடப் பாரமானது, கீழே தங்கும். தரையில் விளையாடும் குழந்தைகளை முதலில் தூக்குங்கள். நச்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் 13 11 26. மூச்சு முட்டினால் 000. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் "ரமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

இன்னும் ஒரு சின்ன விடயம். சில பிள்ளைகள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்துவிட்டு "எங்களுக்கு 108 வீதம் வந்தது" என்று பெருமையோடு வருவார்கள். கூரையைத் தாண்ட முடியாது என்றோமே, பிறகு எப்படி? பெரும்பாலும் பொருள் காயவில்லை. ஈரத்தையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். அல்லது வேறு பொருள் கலந்திருக்கிறது. கணக்கை அழித்து 98 என்று எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள். 108 ஐ அப்படியே எழுதி, "மாதிரி முழுமையாக உலரவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் புள்ளி கிடைக்கும். திரும்ப உலர்த்தி, நிறை மாறாமல் நிற்கும்வரை நிறுத்துப் பார்ப்பதுதான் முறை.

வீட்டில் செய்துபார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். இதற்கும் ஊரையே எடுக்கிறேன். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு அந்தப் பகுதிச் சுண்ணாம்புக் கல்லைத்தான் வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் ஒரு மூல் கல்சியம் காபனேற்றில் இருந்து ஒரு மூல் சுட்ட சுண்ணாம்பும் ஒரு மூல் காபனீரொட்சைட்டும் வரும். ஒரு மூல் கல்சியம் காபனேற்று 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 56 கிராம், காபனீரொட்சைட்டு 44 கிராம். முதலில் கூட்டிப் பாருங்கள், சமமா என்று. பிறகு: 90 வீதம் தூய்மையான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டபோது 45 கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு கிடைத்தது. விளைவு நூற்றுவீதம் என்ன? 80.4 என்று வந்தால் தூய்மையைக் கழிக்க மறந்துவிட்டீர்கள். 50 என்று வந்தால் மூலை விட்டுவிட்டு 90 கிலோவால் நேரே பிரித்திருக்கிறீர்கள். 89.3 என்று வந்தால் சரி. அடுத்து, அந்தச் சூளையில் இருந்து எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறியிருக்கும் என்பதைப் பிள்ளையைப் போடச் சொல்லுங்கள். விடையை அடுத்த மடலில் தருகிறேன்.